பழம் போர்விமானங்களும் பதிவேட்டுப் பிழைகளும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. ஏட்டிலே ஒன்றும் நாட்டிலே வேறொன்றுமாக இருக்கும்போது நேரும் இடர்ப்பாட்டை யாழ்ப்பாணத்திலே காணி வாங்கியவரும் விற்றவரும் நன்கு அறிவர். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலே கண்ட காணிப் பெயர் இன்றைய உறுதியிலும் தொடர்ந்து வருகின்றது. அப்பெயருக்குரிய நிலமோ பங்கு பிரிந்து, வேலி நகர்ந்து, ஒழுங்கை புகுந்து, பழைய உருவம் யாதும் தோன்றாதபடி மாறிவிட்டது. பெயர் நிலைத்தது, பொருள் மாறிற்று. இருந்த இடத்தை விட்டு அசையாத நிலத்துக்கே இக்கதியாயின், நாடு விட்டு நாடு பறந்து, உடையவர் பலரைக் கண்டு, உறுப்புக்கள் பலவற்றை இழந்தும் ஏற்றும் வாழ்ந்த ஆகாய விமானத்தின் பதிவேடு எங்ஙனம் பழுதின்றி இருத்தல் கூடும்?

இரண்டாம் உலக யுத்தத்திலே பறந்து, இன்று நூதனசாலைகளிலும் தனியார் கொட்டகைகளிலும் பேணப்பெறும் பழம் போர்விமானங்களைப்பற்றி அரசாங்கப் பதிவேடுகள் கூறுவன பல இடங்களிலே பிழைபட்டுள்ளன. அப்பிழைகள் யாவை, அவை எவ்வாறு புகுந்தன, அவற்றால் விளையும் தீங்கு யாது, அவற்றைக் களைவார் எம்முறையைக் கையாளுகின்றனர் என்பவற்றைச் சுருக்கமாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பலாலியும் டக்கோட்டாவும்

இப்பொருள் நமக்குத் தொலைவானதன்று. கீரிமலைக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள பலாலி விமானத்தளம் இரண்டாம் உலக யுத்த காலத்திலே பிரித்தானிய விமானப்படையின் தேவைக்காக அமைக்கப்பெற்றது. யுத்தம் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. காங்கேசன்துறை என அக்காலத்து அட்டவணைகள் குறித்தது இப்பலாலித் தளத்தையே. அன்று பறந்த விமானத்துக்குச் 'சீதாதேவி' என்று பெயர். அது டக்கோட்டா இனத்தைச் சேர்ந்தது.

டக்கோட்டா என்பது அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் ஆக்கிய விமானம். யுத்தத்துக்கென 10,000க்கு மேற்பட்டவை ஆக்கப்பெற்றன. போர் முடிந்ததும் அவற்றுட் பெருந்தொகையானவை உபரிப் பொருளாக விற்கப்பட்டன. உலகெங்கும் புதிதாகத் தோன்றிய விமான நிறுவனங்கள் அவற்றை மலிவாக வாங்கி, இருக்கை பொருத்தி, வர்ணம் பூசிப் பிரயாணிகளை ஏற்றின. போர்வீரன் சீருடை களைந்து வேட்டி உடுத்தது போல்வது இம்மாற்றம். வேட்டி உடுத்தவனுக்குப் புதிதாக ஓர் அடையாள அட்டையும் வேண்டியதாயிற்று. பிழை புகுந்தது பெரும்பாலும் அவ்வட்டை எழுதப்பட்ட வேளையிலேயாம்.

பதிவேட்டின் இலக்கணம்

ஒரு பழம் போர்விமானத்துக்குக் குறைந்தது மூன்று வகைப் பெயர்கள் உண்டு என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். ஆலையிலே ஆக்கியோர் இட்ட ஆக்க எண் ஒன்று. அதனை ஏற்ற படை இட்ட படை எண் மற்றொன்று. குடிசார் சேவைக்கு வந்தபோது அரசாங்கம் வழங்கிய பதிவுக்குறி மூன்றாவது. ஆக்க எண் பிறந்த நாள் முதல் இறக்கும்வரை மாறாது, மாறவுங் கூடாது. படை எண் படைக்குப் படை மாறும். பதிவுக்குறி நாட்டுக்கு நாடு மாறும்.

குடிசார் விமானங்களின் பதிவுக்கு இன்று அடிப்படையாயிருப்பது 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை. ஒரு விமானம் ஒரே காலத்தில் இரு நாடுகளிற் பதிவு பெறுதல் செல்லாது என அது விதித்தது. அதன் 7ஆம் இணைப்பின்படி பதிவுப் பத்திரத்திலே பதிவுக்குறி, ஆக்கியோர் பெயர், விமானத்தின் வகை, ஆக்க எண், உடையவர் பெயர் ஆகியன இடம்பெறல் வேண்டும். தீயில் அழியாத உலோகத் தகடு ஒன்றும் விமானத்திலே பொருத்தப்பெறல் வேண்டும். நம் நாட்டு விமானங்கள் முதலில் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்குரிய 'வீ.பீ.' என்னும் எழுத்துக்களோடு 'சீ' சேர்த்து எழுதின. சுதந்திரம் பெற்றபின் 'சீ.வை.' என மாற்றின. பின்னர் இன்றுள்ள '4ஆர்' என்பதை ஏற்றன. எனவே யுத்தத்துக்கு முன்போ பின்போ யாதொரு மாற்றமும் அடையாத ஒரே விமானம் இலங்கையிலே மட்டும் மூன்று பெயர் தாங்கியிருத்தல் கூடும். தொடர்பு அறியாதவன் மூன்று விமானங்கள் இருந்தன என்றே எண்ணுவான்.

பிழை புகும் வாயில்கள்

முதலாவது வாயில், எதனை ஆக்க எண் என்று கொள்வது என்னும் மயக்கம். இதற்குத் தக்க சான்று பைப்பர் எல்-4 என்னும் சிறு விமானம். அமெரிக்கத் தரைப்படை வேவு பார்க்கப் பயன்படுத்திய இதனை யுத்தத்தின்பின் ஐரோப்பிய விமானக் கழகங்கள் பல வாங்கின. அதன் உடற்சட்டகத்துக் குழாயிலே ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அது சட்டகம் செய்தோர் தம் கணக்குக்காக இட்ட எண். ஆக்க எண் வேறு. இரண்டும் நூற்றுச் சொச்சம் வேறுபடும். ஆக்க எண் கொண்ட தகடு கழன்றுபோன இடத்தில், பதிவாளர் சட்டகத்து எண்ணையே ஆக்க எண்ணாக ஏட்டிலேற்றினார். அவர் எழுதிய எண்ணை ஆக்க எண்ணாக உடைய விமானம் உண்மையில் வேறெங்கோ இருந்தது. ஒருகால் போரிலே அழிந்தும் இருந்தது. ஒருவன் வீட்டுக் கதவிலக்கத்தை அவன் பிறப்புச் சாட்சிப் பத்திர இலக்கமாக எழுதியது போன்றது இது.

இரண்டாவது வாயில், ஆலையிலேயே நேர்ந்த குழப்பம். ஒக்லஹோமா நகர ஆலையிலே ஆக்கப்பெற்ற டக்கோட்டாக்கள் பலவற்றுக்கு இரண்டு ஆக்க எண்கள் உள. ஒரு நாட்டுப் பதிவேடு முதலெண்ணையும் மற்றொரு நாட்டுப் பதிவேடு இரண்டாமெண்ணையும் எழுதுமாயின் ஒன்று இரண்டாகத் தோன்றும். இங்கே எவரும் பொய் எழுதவில்லை. ஆயினும் ஏடு மயக்கந் தருகின்றது.

மூன்றாவது வாயில், உறுப்புக் கலப்பு. படைத் தொழிற்சாலைகளிலே விமானங்களைத் திருத்தும்போது இறக்கையை ஒரு பக்கமும் வாலை ஒரு பக்கமுமாகக் கழற்றி வைப்பர். மீண்டும் பூட்டும்போது அவ்வவற்றின் உறுப்பை அவ்வவற்றுக்கே பூட்டுதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. பறத்தலே வேண்டுவது, பெயர் அன்று. ரி-6 என்னும் பயிற்சி விமானங்கள் சுமார் 2,000 அமெரிக்காவிலே 1949ஆம் ஆண்டு தொடங்கி முற்றாகப் புதுக்கப்பட்டபோது புதிய எண்களே பெற்றன. அவை பிறந்த ஆண்டு எது என்று வினவின், 1949 என்பதும் தவறன்று. யுத்த காலம் என்பதும் தவறன்று.

பாரத நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. யுத்தம் முடிந்ததும் பிரித்தானியர் கான்பூரிலே விட்டுச் சென்ற லிபறேற்றர் என்னும் பெருங் குண்டுவீச்சு விமானங்கள், மீண்டும் பறவாவண்ணம் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருந்தன. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அக்குவியலிலிருந்து 40க்கு மேற்பட்டவற்றை உயிர்ப்பித்தனர். ஒன்றின் குறையை மற்றொன்றின் உறுப்பால் நிரப்பிப் பெங்களூருக்குப் பறந்து கொணர்ந்து செப்பனிட்ட அவ்விமானங்கள், 1948 முதல் 1968 வரை இந்திய விமானப்படையிலே கடமையாற்றின. இன்று உலகிலே எஞ்சியிருக்கும் ஒரு சில லிபறேற்றர்களுட் பல இவ்வாறு பிழைத்தவையே. 1974இல் பிரித்தானிய விமானப்படை நூதனசாலைக்கு இந்தியா அளித்த விமானம் பிரித்தானியப் படையில் கே.என்.751 என்றும் இந்தியப் படையில் எச்.ஈ.807 என்றும் எண் பெற்றது. குவியலிலிருந்து எழுந்த ஒரு விமானத்தின் வரலாற்றை எழுதுவோன், அதன் அங்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு இருத்தல் கூடும் என்பதை மறத்தலாகாது.

நான்காவது வாயில், எழுதுவோன் கைப்பிழை. 3 என்பது 8 ஆதலும், 1 என்பது 7 ஆதலும், பூச்சியம் ஓர் ஆங்கில எழுத்தாதலும் எளிதில் நிகழ்வன. இதனைத் தமிழ் கற்றார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பனையோலையிலே புள்ளியிடாது எழுதியமையால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின. எகர ஏகாரங்கள் மயங்கின. ரகரமும் காலும் மயங்கின. பெயர்த்தெழுதியோர் தாம் கண்டவாறே எழுத, அவருக்குப் பின்வந்தோர் அப்பிழையையே பாடமாகக் கொண்டனர்.

ஐந்தாவது வாயில் ஆசை. பழம் போர்விமானம் இன்று பெருவிலை பெறும் பொருள். எரிந்து சிதைந்த விமானமொன்றின் பெயர்த்தகடு மாத்திரம் கிடைத்தாலும், அதனைச் சுற்றிப் புதிய உடலை ஆக்கிப் பழைய பெயரிலே பதிவு செய்தல் கூடும். பழைய கோயிலின் ஒரு தூணை வைத்துப் புதிய கோயில் கட்டினால் அது எக்கோயில் என்னும் வினா இங்கே எழுகின்றது. நேர்மையாளர் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று வெளிப்படக் கூறுவர். மற்றையோர் தகட்டைக் காட்டி அமைவர். பதிவாளர் தம்முன் வைத்த பத்திரத்தையே நோக்குபவராதலின், ஏடு தகட்டுக்குச் சான்று கூறும். உடலுக்குச் சான்று கூறாது.

பரசுராமாவின் பெயர்கள்

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றால் இவற்றைத் தெளிவுறுத்தலாம். 1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆந் திகதி காஷ்மீரத்தைக் காக்கச் சென்ற முதலாம் சீக்கியப் படைப்பிரிவினரை ஏற்றிச் ஸ்ரீநகரில் இறங்கிய டக்கோட்டாவின் எண் வீ.பீ.905. அதன் நினைவாக, இந்தியப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த ராஜீவ் சந்திரசேகர், தம் தந்தையார் டக்கோட்டா விமானியாக இருந்தமையைப் போற்றி, பழைய டக்கோட்டா ஒன்றை வாங்கிச் செப்பனிடுவித்து இந்திய விமானப்படைக்கு அளித்தார். அது இங்கிலாந்திலிருந்து பறந்து வந்து, 2018ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி ஹிண்டன் தளத்திலே படையிற் சேர்க்கப்பட்டது. 'பரசுராமா' என்னும் பெயரும் வீ.பீ.905 என்னும் எண்ணும் அதற்கு இடப்பட்டன.

ஆனால் 1947இல் ஸ்ரீநகரில் இறங்கியது இவ்விமானம் அன்று. இதன் அமெரிக்கப் படை எண் 44-76488. பிரித்தானியப் படை எண் கே.என்.397; பிரித்தானியக் குடிசார் பதிவுக்குறி ஜீ-ஏ.எம்.எஸ்.வீ. ஒக்லஹோமாவில் ஆக்கப்பெற்றமையால் இதற்கும் 16072, 32820 என ஆக்க எண்கள் இரண்டு. இதிலே வஞ்சனை யாதும் இல்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் போல நினைவுக்காக இட்ட எண்ணே அது. அளித்தவரும் ஏற்றவரும் அதனை வெளிப்படையாகவே கூறினர். எனினும் ஐம்பதாண்டு கழிந்தபின் புகைப்படத்தை மட்டும் காண்பவன், பாட்டனையும் பேரனையும் ஒருவராகவே கொள்ளுதல் கூடும். மேலும், இவ்வெண்ணிலுள்ள 'வீ.பீ.' என்பது படை எண்ணின் முதலெழுத்து. நம் சீதாதேவி காலத்து 'வீ.பீ.' என்பதோ குடிசார் நாட்டுக்குறி. வடிவம் ஒன்று, பொருள் வேறு. சொல்லிலக்கணத்தில் ஒருசொற் பலபொருள் என்று நாம் மாணவருக்கு உணர்த்துவது எண்ணிலக்கணத்துக்கும் ஒக்கும்.

பிழையின் விளைவு

ஓர் எண் மாறினால் உலகம் கவிழ்ந்துவிடுமோ என்று கேட்பாரும் உளர். விமானத்தைப் பொறுத்தவரை கவிழ்தல் கூடும் என்பதே விடை. ஒரு வகை விமானத்தின் இறக்கைத் தாங்கியிலே வெடிப்புக் காணப்படுமாயின், இன்ன எண் முதல் இன்ன எண் வரை உள்ளவற்றைச் சோதிக்க என்று கட்டளை பிறப்பித்தல் வழக்கம். ஏட்டிலே தவறான எண் கொண்ட விமானம் அக்கட்டளைக்குத் தப்பிவிடும். தப்பியது கட்டளைக்கு மட்டுமே, வெடிப்புக்கு அன்று.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. பதிவேட்டிலே பெயர் இருத்தல் உடைமைக்கு முடிந்த சான்றாகாது என்பதைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் தெளிவாகக் கூறியுள்ளன. எனினும் வாங்குவோர் ஏட்டையே நம்புகின்றனர். பின்னர், அதே எண்ணுக்கு மற்றொருவர் உரிமை கோரும்போது வழக்கு மன்று ஏறுகின்றனர்.

இவ்விரண்டினும் பெரிது மூன்றாவது தீங்கு. ஒவ்வொரு போர்விமானத்தோடும் மனித உயிர்கள் பிணைந்துள்ளன. இன்ன விமானத்திலே இன்னார் பறந்தார், இன்ன நாளிலே வீழ்ந்தார் என்பது எண்ணைக்கொண்டே அறியப்படுகின்றது. எண் பிழைப்பின், தாம் காணாத தந்தையின் விமானத்தைத் தொட்டுப் பார்க்க வந்த முதிய மகள் வேறொருவர் விமானத்தைத் தொட்டு மீள்வாள். அவள் கண்ணீரை எந்தத் திருத்தப் பத்திரம் திருத்தும்?

ஏடு சரியாயிருந்து ஊர்ப்பேச்சுப் பிழையானதும் உண்டு. யுத்த முடிவிலே பர்மாவில் ஸ்பிற்பயர் விமானங்கள் பெட்டியோடு புதைக்கப்பட்டன என்ற கதையை நம்பி, ஆங்கில விவசாயி ஒருவரின் பல்லாண்டு முயற்சியின் பயனாக 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரங்கூன் மிங்கலடோன் விமானத்தளத்திலே அகழ்ந்தனர். விமானம் ஒன்றேனும் கிடைத்திலது. அங்கு வந்த விமானங்கள் 1946இல் மீண்டும் ஏற்றுமதியாயின என்றே பழைய பதிவுகளை ஆராய்ந்தோர் முடிவு கூறினர். ஆகவே ஏட்டை முற்றாகத் தள்ளுதலும் அறிவன்று. முற்றாகக் கொள்ளுதலும் அறிவன்று.

பிழை களையும் முறை

இப்பணியிலே ஈடுபட்டோர் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தரல்லர், ஆர்வலரே. இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு தோன்றிய எயர்-பிரிற்றன் சங்கத்தார் விமானங்கள் ஒவ்வொன்றின் வரலாற்றையும் தொகுத்து நூல்களாக வெளியிட்டு வருகின்றனர். அவர் கையாளும் முறை நமக்குப் புதியதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகள் பலவற்றைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பு நோக்கிப் பாடம் துணிந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள் அல்லவா? அம்முறையே இது.

பிரித்தானியப் படையின் விமான நடமாட்ட அட்டையும், அமெரிக்கப் படையின் தனிவிமான அட்டையும், விமானிகளின் பறப்புப் புத்தகங்களும், விற்பனைப் பத்திரங்களும், பழம் புகைப்படங்களும் அவர்க்கு ஏட்டுப் பிரதிகள். விமானத்தின் உடலோ மூலப் பிரதி. பூசிய வர்ணத்தைப் படலம் படலமாகச் சுரண்டின் உள்ளே பழைய எண் வெளிப்படும். கழற்றிய உறுப்பின் மறைவிடத்தே ஆலையார் பொறித்த எண் தோன்றும். ஸ்பிற்பயர் வகைக்கு இதனோடு பிறிதொன்றும் அறிதல் வேண்டும். காசில் பிறொம்விச் ஆலையிலே பிறந்தவற்றின் தகட்டில் உள்ளது ஆலை எண்ணே. படை எண் அன்று. எம்.எச்.434 என்னும் புகழ்பெற்ற விமானம் ஆலையில் சீ.பி.ஏ.எப். IX.552, ஒல்லாந்தப் படையில் எச்-105, பின்னர் எச்-68, பெல்ஜியப் படையில் எஸ்.எம்-41; பெல்ஜியக் குடிசார் பதிவில் ஓ.ஓ.-ஏ.ஆர்.ஏ.; இன்று பிரித்தானியாவில் ஜீ-ஏ.எஸ்.ஜே.வீ. பெயர் இத்தனை மாறியும் சங்கிலியின் கண்ணி ஒன்றும் அறாமையால் அதன் வரலாறு ஐயமற விளங்குகின்றது. பெயர் பல உடைமை குற்றமன்று. பெயர்களிடையே தொடர்பு அறுதலே குற்றம்.

ஆராய்ச்சியாளர் பிழை கண்டாலும் அரசாங்க ஏடு எளிதில் திருந்துவதில்லை. உடையவர் விண்ணப்பித்தாலன்றிப் பதிவாளர் எழுதுகோல் எடார். அதனால் 'பதிவேட்டின்படி இவ்வெண். உண்மையில் இவ்வெண்' என இரண்டையும் அருகருகே அச்சிடுதல் அவர் வழக்கமாயிற்று. பாடபேதத்தை அடிக்குறிப்பிலே காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மையே இது. பிழையை மறைத்துத் திருத்தியவன் பின்வருவோர்க்கு மற்றொரு பிழையை வைத்துச் செல்கின்றான். பிழையையும் திருத்தத்தையும் ஒருங்கே காட்டியவனே வழி காட்டுகின்றான்.

நமக்குரிய பணி

எயர் சிலோனின் டக்கோட்டாக்கள் இன்று பலாலிக்கு வருவதில்லை. நம் வான்படையின் டக்கோட்டா ஒன்று இரத்மலானை நூதனசாலையிலே நிற்கின்றது. பலாலித் தளமோ 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எனப் பெயர் பெற்றது. இவ்விரண்டு காலங்களுக்கும் இடையே நாம் இழந்த ஏடுகளுக்கு அளவில்லை. 1981இல் நம் பொது நூலகம் எரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது உறுதிகளும் படங்களும் கடிதங்களும் வீடுகளோடு அழிந்தன. பல்லாண்டுகளின்பின் காணி திரும்பிய இடங்களிலும் எல்லைக்கல் எது, எவர் பெயரில் எது என்று தேடவேண்டியதாயிற்று. ஏட்டுக்கும் நிலத்துக்கும் இடையே கண்ணி அறுந்தால் நேர்வது யாது என்பதைக் கீரிமலையார்க்கு எந்த விமான வரலாறும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆதலின் பழைய மாணவர்காள், ஒரு வேண்டுகோள். 1950களிலும் 60களிலும் பலாலியிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ பறந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் நம்மிடையே உளர். கடல் கடந்த நாடுகளிலும் உளர். விமானத்தின் அருகே மாலையோடு நின்று எடுத்த படம், பயணச்சீட்டின் அடிக்கட்டை, தளத்திலே பணிபுரிந்த உறவினரின் குறிப்புப் புத்தகம் என்பன உங்கள் பெட்டிகளில் இருத்தல் கூடும். அப்படத்தின் பின்னணியிலே வாலிலோ இறக்கையிலோ மங்கலாகத் தெரியும் நான்கைந்து எழுத்துக்கள், எங்கோ ஒரு பதிவேட்டின் பிழையைத் திருத்தும் சான்றாதல் கூடும். படத்தின் பின்புறத்திலே ஆண்டையும் இடத்தையும் நிற்பவர் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதுங்கள். ஊகத்தை உண்மை போல எழுதாதிருங்கள்.

இம்மலரிலும் நம் கல்லூரி மாணவர் பலரின் பெயர்களும் ஆண்டுகளும் அச்சேறியுள்ளன. இதுவும் ஒரு பதிவேடே. நாளை நம் வரலாற்றை எழுதவரும் இளைஞன் இதனையே நம்புவான். நம்பத்தக்கதாக இதனை அவன் கையிற் கொடுத்தல் நம் கடன்.